பசுமை வீடு டிசைன் பண்ற ஆர்க்கிடெக்ட் ஆகணும்னா என்ன பண்ணணும்?

நாட்டாங்கிற நுழைவுத் தேர்வு எழுதி, 5 வருஷம் பி.ஆர்க் டிகிரி முடிச்சு, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணணும், இது எல்லா ஆர்க்கிடெக்டுக்கும் பொதுதான். ஆனா நிஜமான படிப்பு கட்டட சைட்லதாங்க இருக்கு. திருவனந்தபுரத்துல, செலவு குறைஞ்ச வீடுகளுக்குப் பேர் போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டினத போய் பாருங்க, செங்கல்ல படுக்க வைக்காம பக்கவாட்டுல நிறுத்தி, நடுவுல காத்து நிக்கிற மாதிரி இடைவெளி விட்டு சுவர் எழுப்பியிருப்பாரு, ராட் ட்ராப் பாண்டுன்னு பேரு, செங்கல் கிட்டத்தட்ட 25% மிச்சமாகும், வெயில் சூடும் சட்டுனு உள்ள இறங்காது, அவ்ளோ அழகான யோசனை! ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்ல மண்ணோட கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்தி, சூளைல சுடாம கல்லு செய்ய பயிற்சி தர்றாங்க, அதையும் கண்டிப்பா பண்ணுங்க. சாஃப்ட்வேர் அப்புறம் கத்துக்கலாம். மேற்கு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வேணும்னு கேக்குற கிளையன்ட்கிட்ட, சாயங்கால வெயில் சூடு உள்ள வந்துடும்னு பொறுமையா பேசவும் இப்பவே பழகிக்கோங்க.