ப்ராஜெக்ட் சென்டரில் சோதனை முடிவு வாங்காதீர்கள்

கேள்வி: எம்.டெக். ப்ராஜெக்டுக்காக, நீரால் குளிரும் சிறிய அணு உலையின் கோர் (எரிபொருள் இருக்கும் மையப் பகுதி) ஒன்றைக் கணினியில் வடிவமைத்திருக்கிறேன். கே மதிப்பு 1.003 வருகிறது. சோதனை ஆதாரம் எங்கே என்கிறார் வழிகாட்டி. ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்தால் 'சோதனை ஒப்பீடு' அத்தியாயம் எழுதித் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. உங்கள் வழிகாட்டி கேட்டது நியாயம். கே மதிப்பு என்பது ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்ற கணக்கு. அது 1 என்றால் தொடர்வினை கூடாமல் குறையாமல் ஓடும். யுரேனியம்-235 எரியும் உலையைக் கட்டுக்குள் வைக்க உதவும் தாமத நியூட்ரான்களின் (அணு பிளந்து சற்று நேரம் கழித்து வருபவை) பங்கே மொத்த நியூட்ரான்களில் 0.0065 தான். கணக்கில் 0.005 பிசகினால் அது சின்னப் பிழை இல்லை. அதனால்தான் மும்பை டிராம்பேயில், புதிய கனநீர் உலை வடிவமைப்பைச் சரிபார்க்கவே மிகக் குறைந்த திறனில் ஓடும் தனி உலை ஒன்றை 2008-ல் இயக்கினார்கள்.

சென்டர்காரர்கள் தரும் அத்தியாயங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் காடைவா உருண்டைதான். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் 1950-களில் சோதித்த, சுமார் 52 கிலோ உயர்செறிவு யுரேனியம் (யுரேனியம்-235 பங்கு மிக அதிகம்) அது. சுற்றிலும் தண்ணீர் கிடையாது. நியூட்ரான்கள் வேகமாகவே திரியும். உங்கள் கோரில் அவை நீரில் மோதி வேகம் இழக்கின்றன. போதாததற்கு, கணினி பயன்படுத்தும் அணுத் தரவுகளைத் திருத்தும்போதே காடைவா விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கேள்வித்தாளைத் தயாரித்தவரே எழுதிய தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குவது மாதிரி. மென்பொருளைச் சரியாக நிறுவினோமா என்று பார்க்க மட்டும் காடைவாவை ஓட்டலாம். உலோக எரிபொருள், வேக நியூட்ரான், நீரில்லாத அமைப்பு என்றால் அதைத் தாண்டியும் அதற்கு மதிப்பு உண்டு. உங்களுடையது அப்படி இல்லையே!

ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) அணுசக்தி முகமை உலகெங்கும் நடந்த சோதனைகளை அளவுகளோடும் பிழை வரம்போடும் கையேடாகத் தொகுத்திருக்கிறது. கல்லூரி வழியாக இன்றே விண்ணப்பியுங்கள். ஒரு கையெழுத்துக்கு வாரக்கணக்கில் காக்கவைப்பது நம் கல்லூரிகளின் வழக்கம்.

கையேடு கிடைத்ததும், குறைசெறிவு யுரேனிய ஆக்சைடு தண்டுகளை நீரில் அடுக்கிய சோதனைகளைப் பாருங்கள். தண்டு இடைவெளியும் செறிவும் உங்கள் கோருக்கு நெருக்கமாக உள்ள பத்தைப் பொறுக்கி, அதே மென்பொருள், அதே தரவு நூலகத்தில் ஓட்டுங்கள். அளந்த மதிப்பிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகுகிறது, எவ்வளவு சிதறுகிறது என்று எழுதுங்கள். விலகல் உங்களுக்குப் பிடிக்காத பக்கம் இருந்தாலும் மறைக்காதீர்கள். அப்புறம் உங்கள் 1.003-ஐ அந்த விலகலோடு சேர்த்து அறிக்கையில் போடுங்கள்.