தோட்டத்துத் தக்காளியில் ஜாம்: ஒரு போசி நீர்த்தது, ஒரு போசி கருகியது, ஏன்?

கேள்வி: ஏனுங்க, நாங்க சென்னிமலைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால தக்காளிச் செடி வெச்சிருக்கோம். தை பொறந்ததும் ஒரேயடியாப் பழுத்துக் கொட்டுது. சந்தைக்குக் கொண்டு போனா பறிப்புக் கூலிக்கே கட்டாது. ஹாஸ்டல்ல இருக்கற பையனுக்கு ஆகும்னு ஜாம் செஞ்சேன். முதல் தடவை, முந்தின ராத்திரியே மிக்ஸியில அரைச்சு ஃப்ரிட்ஜுல வெச்சுக் காலைல காய்ச்சினேன். மாமனாருக்குச் சக்கரை வியாதி இருக்கறதால அஸ்கா சக்கரை பாதிதான் போட்டேன். தண்ணியாவே நின்னுச்சு. பத்து நாள்ல மூடியத் தொறந்தா நுரை கட்டிப் புளிச்ச வாடை. ரெண்டாந் தடவை சக்கரைய நெறையப் போட்டு ஒன்றரை மணி நேரம் விடாமக் கிண்டினேன். கருத்துப் போய்க் கமர்கட்டாட்டம் ஆயிருச்சு, கடிச்சா நறநறங்குது. எலுமிச்சை ரெண்டு சொட்டுத்தான் விட்டேன். பழத்துல குறையா, என் கையில குறையா? நாட்டுச்சக்கரை போடலாமுங்களா? நல்லா வந்தா விக்கலாமுங்களா?

பதில்: பழத்தில் குறை இல்லை அம்மணி. உங்கள் கைப்பக்குவத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். எடை பார்க்காமல், நேரத்தையும் கண்ணையும் நம்பிக் காய்ச்சினீர்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டு போசிக்கும் நோய் வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் போசி இறுகாமல் போனதற்கு வேலை இராத்திரியே நடந்துவிட்டது. ஜாமை இறுக்குவது பழத்தில் இருக்கும் பெக்டின். தக்காளியில் அது கொய்யா அளவுக்கு இல்லை, ஆனாலும் இருக்கிறது. கூடவே அந்தப் பெக்டினை அறுத்துப் போடும் நொதிகளும் அதே பழத்தில் இருக்கின்றன. பழம் முழுசாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி அறையில் கிடக்கும். மிக்ஸியில் பச்சையாக அடித்த மறுநிமிடம் ஒன்றோடொன்று கலந்துவிடும். தக்காளி நொதிகள் மகா சுறுசுறுப்பு. ஃப்ரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யுமே தவிர, நின்றுவிடாது. காலையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: மேலே மஞ்சள் தண்ணீர் தனியாக நிற்கும், சதை கீழே படிந்திருக்கும். பெக்டின் போய்விட்டதற்கு அதுதான் அடையாளம். கெட்டியான தக்காளி பேஸ்ட் செய்யும் ஆலைகளில் பழத்தை நசுக்கிய கையோடு 90 டிகிரி வாக்கில் சூடேற்றுவது இந்த நொதிகளை அப்போதே முடக்கத்தான்.

வீட்டில் அதையே இப்படிச் செய்யலாம். போசியை அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள். நான்கு பழத்தை வெட்டி அதில் போட்டு, மத்தால் நசுக்கித் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொதி வந்த பிறகு, மீதிப் பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெட்டிப் போட வேண்டும். கொதி அடங்காதபடி போடுவதில்தான் சூட்சுமம். எல்லாம் விழுந்தபின் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். பிறகு சல்லடையில் ஊற்றி, கரண்டியின் முதுகால் தேய்த்து வடித்தால் தோலும் விதையும் தங்கிவிடும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழை விதையோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள். பழத்தின் புளிப்பு சதையைவிட அங்கேதான் அதிகம், அதை ஒட்டத் தேய்த்து எடுங்கள். மிக்ஸி வேண்டுமென்றால் வெந்த பிறகு ஒரு சுற்று ஓடட்டும்.

நுரை கட்டியதற்குக் காரணம் வேறு. ஜாம் கெடாமல் இருப்பது, அதில் கிருமிக்கு எட்டும்படி தண்ணீர் மிஞ்சாததால். சர்க்கரையும் பழத்தின் கரைபொருளும் (பழச்சாற்றில் கரைந்திருக்கும் இனிப்பு, புளிப்பு எல்லாம்) சேர்ந்து நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் இருந்தால் ஈஸ்ட் வாலாட்டாது. பழனி பஞ்சாமிர்தம் அடுப்பேறாமலே நாள்கணக்கில் நிற்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்? சர்க்கரையின் அடர்த்திதான். நீங்கள் பாதிச் சர்க்கரை போட்டு, தண்ணீரையும் வற்ற விடாமல் இறக்கினீர்கள். அது பாட்டிலில் அடைத்த இனிப்புச் சாறு, புளிக்காமல் வேறென்ன செய்யும்? மாமனாரை நினைத்துக் குறைத்தது நல்ல மனசு. ஆனால் முறைப்படி செய்த ஜாமில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான், அது அவருக்கு ஆகாது. அவருக்குத் தனியாக ஒரு கிண்ணம் தக்காளித் தொக்கு கிளறிக் கொடுங்கள். சர்க்கரை குறைத்த ஜாம்தான் வேண்டுமென்றால் சிறு அளவில் செய்து, ஃப்ரிட்ஜிலேயே வைத்து, இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஹாஸ்டலுக்கு அது தாங்காது.

இரண்டாம் போசிக்கு வருகிறேன். ஒன்றரை மணி நேரம் சர்க்கரையோடு கொதித்தால் எந்தப் பழமும் கருக்கும், பெக்டினும் சிதைந்து போகும். நீங்கள் பார்த்த கெட்டி, ஜாம் உறைந்த கெட்டி அல்ல. பாகு முற்றிய கெட்டி. நறநறப்புக்குக் காரணம் புளிப்புப் பற்றாமை. சர்க்கரை புளிப்போடு கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். அந்தக் கலவை இருந்தால் பாகு மறுபடி கற்கண்டாகத் திரும்பாது. இரண்டு சொட்டு எலுமிச்சை அதற்கு எந்த மூலைக்கு?

புளிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் எழுதிய பக்குவத்தை அப்படியே தக்காளிக்குப் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் நிறைய. பெக்டின் உறைய பி.எச். (புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 2.8-லிருந்து 3.4 வரை இருக்க வேண்டும். தக்காளியின் பி.எச். 4-க்கு மேலே, சில இரகங்களில் 4.6-ஐயும் தொடும். பிகேஎம் 1 என்ற இரகம் போன்ற, காம்புப் பக்கம் பச்சைத் தோள் உள்ள நாட்டுப் பழத்தில் புளிப்பு நன்றாக இருக்கும், சாறும் விதையும் கூடுதல். லாரி ஏறுவதற்கென்றே வந்த கெட்டித்தோல் ஹைபிரிட் பழத்தில் சதை நிறைய, புளிப்பு மட்டு. இரண்டும் கலந்து போட்டால் சுவை நன்றாக அமையும் என்பது என் அபிப்பிராயம். எதைப் போட்டாலும், ஒரு கிலோ கூழுக்கு மூன்று நடுத்தர எலுமிச்சையின் சாறு, அல்லது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் சிட்ரிக் ஆசிட் வேண்டும். பாதியைச் சர்க்கரை போடும்போதும் மீதியை இறக்குவதற்குச் சற்று முன்பும் விடுங்கள். ஒரேயடியாக அள்ளிப் போட்டால் உறைந்த ஜாம் பிற்பாடு நீர் விடும்.

செடி காய்ந்து சாகும் கட்டத்தில் வரும் கடைசிப் பழங்களை ஜாமுக்குச் சேர்க்க வேண்டாம், அவற்றில் புளிப்பு இறங்கியிருக்கும். பூசணம் பிடித்த பழத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடுவதும் கூடாது. பூசணம் புளிப்பைத் தின்றுவிடும். நூற்றுக்குப் பத்துப் பழம் செங்காயாக, முழுக்கச் சிவக்காமல் இருந்தால் நல்லதே, பெக்டின் அதில் கூடுதல்.

கடையில் பெக்டின் பொடி வாங்கத் தேவையில்லை. சற்றுச் செங்காயான இரண்டு கொய்யாவை நறுக்கி, பிழிந்த எலுமிச்சையின் விதைகளையும் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்து வடித்தால் வழவழவென்று ஒரு சாறு வரும். அதை ஒரு கிலோ தக்காளிக் கூழோடு சேர்த்துவிடுங்கள். உறைவது நிச்சயம், கொய்யா வாசமும் தெரியாது.

இப்போது அளவு. இரண்டு கிலோ பழம் வடித்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கூழ் வரும். அதைச் சர்க்கரை போடாமல் அகலமான போசியில் வேகமாகக் கொதிக்கவிட்டு ஒரு கிலோவாக வற்றவிடுங்கள். தண்ணீரைச் சர்க்கரைக்கு முன்பே விரட்டிவிட்டால் ஜாம் கருக்காது, சிவப்பு அப்படியே நிற்கும். பிறகு 750 கிராம் வெள்ளைச் சர்க்கரை, மேலே சொன்ன எலுமிச்சைச் சாற்றில் பாதி. சர்க்கரை கரையும்வரை தணல் குறைவாக, கரைந்தபின் முழுத் தணல். இந்த இரண்டாம் கட்டம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். ஒரு ஈடுக்கு ஒரு கிலோ கூழுக்கு மேல் ஏற்றாதீர்கள். அண்டாவில் ஐந்து கிலோ காய்ச்சினால் வற்ற நேரமாகி, மறுபடியும் கமர்கட்டுக்கே போய்ச் சேருவீர்கள். பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்பில் கரையும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எனக்கு நம்பிக்கை தராசின் மேல்தான். காய்ச்சும் முன் வெறும் போசியைக் கரண்டியோடு எடை போட்டு, அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். 750 கிராம் சர்க்கரையும் கூழிலுள்ள கரைபொருளும் சேர்ந்து 820 கிராம் வாக்கில் வரும். அது மொத்தத்தில் 65 பங்கைத் தாண்ட வேண்டுமென்றால் ஜாமின் எடை 1,200 கிராமுக்கு வற்ற வேண்டும். போசியும் கரண்டியும் 1,400 கிராம் என்றால், முள் 2,600-இல் நிற்கும்போது வேலை முடிந்தது. கொய்யாச் சாறு ஊற்றியிருந்தாலும் இதே கணக்குத்தான், அதன் தண்ணீரும் வற்றித்தான் ஆக வேண்டும். சமையலறைத் தராசில் சூடான போசியை வைக்கும்போது கீழே ஒரு பலகை போட்டு, அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தராசு இல்லாதவர்களுக்குத் தட்டு. ஒரு எவர்சில்வர் தட்டைக் காய்ச்சத் தொடங்கும்போதே ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு சொட்டு ஜாமை அதில் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஓரத்திலிருந்து விரலால் தள்ளுங்கள். மேலே மெல்லிய ஆடை சுருங்கி மடிப்பு விழுந்தால் பதம். தண்ணீராகப் பிளந்து விரலுக்கு வழிவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம். சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பதம் பார்க்கிற நேரத்திலேயே பதம் தாண்டிவிடும்.

வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜாம் பதம் 105 டிகிரி என்று எழுதியிருப்பது கடல்மட்டத்துக் கணக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். கோவை 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே பதம் 103.5 வாக்கில் வந்துவிடும். ஊட்டியில் இருப்பவர் 105-க்குக் காத்திருந்தால் அடிபிடித்த கரிதான் மிஞ்சும், அங்கே 97, 98-இலேயே முடிந்துவிடும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்து, அதோடு ஐந்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

நாட்டுச்சர்க்கரை பற்றிக் கேட்டீர்கள். நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடி பக்கத்தில் இருக்கும்போது கேட்கத்தானே தோன்றும். போடலாம், ஆனால் முழுக்க வேண்டாம். கரும்புச் சாற்றின் அழுக்கை எடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதால் அதற்குக் காரத்தன்மை உண்டு, அது எலுமிச்சையின் புளிப்பைத் தின்னும். நிறமும் தொக்குபோல் ஆகிவிடும். பாதிக்குப் பாதி போட்டு, எலுமிச்சை ஒன்று கூட்டுங்கள். கொஞ்சம் சூடான கூழிலேயே கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் மண்ணும் சக்கையும் போய்விடும், தண்ணீரும் அதிகமாகாது. சற்று இளக்கமாகத்தான் உறையும். ஒரு சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்தால், இந்தப் பழுப்பு ஜாம் வெள்ளைச் சர்க்கரை ஜாமைவிட எனக்குப் பிடிக்கும். நாட்டுச்சர்க்கரை என்பதால் மாமனாருக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம், இரத்தத்தில் ஏறுவது ஏறத்தான் செய்யும்.

பாட்டில் கண்ணாடியாக, சிறியதாக இருக்கட்டும். ஹாஸ்டலில் பத்துப் பிள்ளைகள் ஈரக் கரண்டி விடுவார்கள், அரைக்கிலோ பாட்டில் ஒரே நாளில் பாழாகும். கழுவிய பாட்டிலைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஜாமும் பாட்டிலும் சூடாக இருக்கும்போதே, பலகையின் மேல் வைத்து, விளிம்புக்குக் கால் அங்குலம் கீழே வரை ஊற்றி மூடுங்கள். ஊறுகாய் வாசம் ஏறிய பழைய மூடி வேண்டாம். மூடிய பாட்டிலைத் துணி விரித்த போசியில் மூழ்க வைத்து இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் வெளியில் இருட்டான இடத்தில் ஆறு மாதம் நிற்கும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் சமையல் மேடை மேல் வைத்தால் நிறம் கருக்கும். திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு. பூசணம் தெரிந்தால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், மொத்தமும் எருக்குழிக்கு. நுரை கட்டிய உங்கள் முதல் பாட்டிலும் அங்கேதான் போக வேண்டும்.

இரண்டாம் பாட்டிலைக் காப்பாற்றலாம், கரிந்த கசப்பு மட்டும் இல்லாதிருந்தால். அரை டம்ளர் கொதிநீரும் ஒரு எலுமிச்சைச் சாறும் விட்டு இளந்தணலில் கற்கண்டு கரையும்வரை கிளறி, ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

விற்பதற்கு: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். ஜாம் என்று லேபிள் ஒட்ட, கரைபொருள் குறைந்தது 65 சதவீதமும் பழம் 45 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன கணக்கில் பழம் தாராளமாக இருக்கிறது, கரைபொருளை உறுதிசெய்ய, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையத்தில் பழம், காய்கறி பதப்படுத்தப் பயிற்சி தருகிறார்கள். உங்களுக்குப் பக்கம் கோபியில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள். போகும்போது நீங்கள் செய்த ஜாமில் ஒரு சிறு பாட்டில் கையோடு கொண்டு போனால், பி.எச். எவ்வளவு, கரைபொருள் எவ்வளவு என்று அளந்து பார்க்க முடியுமா என்று கேட்கலாம்.