அமெரிக்க விவாகரத்துத் தீர்ப்பின் நகல்: ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: 2014-இல் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில் எனக்கு விவாகரத்து ஆனது. இப்போது கோவையில் பெற்றோருடன் இருக்கிறேன். மறுமணம் பேசி முடித்திருக்கிறார்கள். திருமணப் பதிவுக்கு விவாகரத்துத் தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பி வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பக்க ஜெராக்ஸ்தான். கலிஃபோர்னியா சுகாதாரத் துறையின் தளத்தில் பார்த்தால் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துப் பதிவுகள்தான் இருப்பதாகப் போட்டிருக்கிறது. என்னுடையது அழிந்துவிட்டதா? சென்னையில் ஓர் ஏஜென்ட் 45,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பவர் பத்திரமும் எழுதித் தரச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், பவரும் வேண்டாம். உங்கள் தீர்ப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் பார்த்த சுகாதாரத் துறைப் பதிவு 1962 முதல் 1984 ஜூன் வரைக்கும் உரியது. அந்த ஆண்டுகளில் விவாகரத்து ஆனவருக்குக்கூட அங்கே கிடைப்பது, இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தக் கவுன்டியில் இந்த எண்ணில் வழக்கு இருந்தது என்ற குறிப்புதானே தவிர, தீர்ப்பு அல்ல. விவாகரத்து என்பது ஒரு வழக்கு. வழக்கை நடத்திய கோர்ட்டில்தான் அதன் கட்டு இருக்கும். உங்கள் விஷயத்தில் அது சான்டா கிளாரா கவுன்டி சுப்பீரியர் கோர்ட். குடும்ப வழக்குப் பிரிவு சான் ஹோசேயில் இருக்கிறது. அதே கவுன்டியில் கிளார்க்-ரெக்கார்டர் என்று இன்னோர் அலுவலகம் உண்டு. அது திருமணப் பதிவு, பிறப்பு, இறப்பு, சொத்துப் பத்திரம் பார்க்கிற இடம். அங்கே எழுதிக் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள். இந்தியத் தூதரகத்திலும் இது கிடைக்காது.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே வலையில் விழுகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். கலிஃபோர்னியாவில் விவாகரத்து வழக்கின் தீர்ப்பு பொது ஆவணம். முத்திரையிட்டு மூடச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டிருந்தால் ஒழிய, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். உங்கள் அண்ணன் கேட்கலாம், சான் ஹோசேயில் இருக்கும் பழைய தோழி கேட்கலாம். நகல் வாங்குவதற்குப் பவர் பத்திரம் தேவையே இல்லை. தேவையில்லாத பவரை ஒருவர் ஏன் கேட்கிறார் என்று யோசியுங்கள். பொது அதிகாரப் பத்திரம் என்று எழுதிக் கொடுத்தால் அதில் சொத்தை விற்பதிலிருந்து வங்கிக் கணக்கை இயக்குவது வரை எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம். விவாகரத்து ஆகி, பெற்றோர் வீட்டில், அவசரத்தில் இருக்கும் பெண்ணிடம் அப்படி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் உடனே எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். பதிவு செய்த பவர் என்றால் ரத்துப் பத்திரத்தையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

இன்னொரு கூட்டம் இணையத்தில் இருக்கிறது. 'விவாகரத்து ஆவணம் உடனே கிடைக்கும்' என்று தேடலில் முதலில் வந்து நிற்கும் தளங்கள். சில பெயரிலேயே கவுன்டி, ரெக்கார்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு அரசுத் தளம் போலத் தோன்றும். கார்டு எண்ணை வாங்கி, ஒரு பக்கச் சுருக்கத்தைக் காட்டி, மாதாமாதம் சந்தா பிடிக்கும். இவர்களால் உங்கள் தீர்ப்பைத் தரவே முடியாது. குடும்ப வழக்கின் ஆவணங்களைப் பொதுமக்கள் வெளியிலிருந்து இணையத்தில் திறந்து பார்க்க முடியாது, கோர்ட் கட்டடத்தில் இருக்கும் கணினியில்தான் பார்க்கலாம் என்பது கலிஃபோர்னியா நீதிமன்ற விதி. கோர்ட்டின் முத்திரையும் கிளார்க்கின் கையெழுத்தும் இல்லாத எந்தத் தாளும் சார்பதிவாளர் முன்னால் வெறும் தாள்தான்.

சரி, கோர்ட்டிடம் எதைக் கேட்பது? 'விவாகரத்துச் சான்றிதழ்' என்று எழுதாதீர்கள்; 1984-க்குப் பிந்தைய வழக்குக்கு அப்படி ஒன்று இல்லை. உங்களுக்கு வேண்டியது 'ஜட்ஜ்மென்ட்' என்று தலைப்பிட்ட எஃப்எல்-180 படிவமும் அதன் இணைப்புகளும். உங்களிடம் இருக்கும் ஒற்றைப் பக்கம் பெரும்பாலும் எஃப்எல்-190 ஆக இருக்கும். தீர்ப்பு பதிவானது என்று கோர்ட் தபாலில் அனுப்பும் அறிவிப்பு அது. பலர் அதையே தீர்ப்பு என்று நம்பி வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் வழக்கு எண் இருக்கும். எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எஃப்எல்-180 கையில் வந்ததும் முதல் பக்கத்தின் மேல் பகுதியைப் பாருங்கள். திருமண நிலை முடிவுக்கு வரும் தேதி என்று ஒரு கட்டம் இருக்கும். நீதிபதி கையெழுத்திட்ட தேதியும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக்கு மனு முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்தோ, அவர் கோர்ட்டில் தோன்றிய நாளிலிருந்தோ, எது முந்தியதோ அதிலிருந்து ஆறு மாதம் ஆகாமல் கலிஃபோர்னியாவில் திருமணம் முடிவுக்கு வராது. தீர்ப்பு முன்னதாகவே கிடைத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் பிந்தைய தேதிதான் இருக்கும். நீங்கள் மறுமணத்துக்கு உரியவர் ஆனது அந்தத் தேதியில்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சொத்துத் தகராறு இழுத்துக்கொண்டே போனால், திருமணத்தை மட்டும் முதலில் முடித்துத் தாருங்கள், வீடு, பணம் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்று ஒரு தரப்பு கேட்கலாம். கோர்ட் ஒப்புக்கொண்டால் ஒரே வழக்கில் இரண்டு தீர்ப்புகள் வரும். முதல் எஃப்எல்-180-இல் 'ஸ்டேட்டஸ் ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் இருக்கும். திருமணத்தை முடித்தது அதுதான். இரண்டாவது, மாதங்களோ வருடங்களோ கழித்து வந்தது, 'ரிசர்வ்டு இஷ்யூஸ்' என்று குறித்திருக்கும். அதில் சொத்துப் பங்கீடும் ஜீவனாம்சமும்தான் இருக்கும். கோர்ட்டுக்கு வெறுமனே 'தீர்ப்பின் நகல்' என்று எழுதினால் இரண்டாவதை மட்டும் அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அதை இங்கே நீட்டினால் திருமணம் எப்போது முடிந்தது என்று தெரியாமல் அலுவலர் திருப்பி அனுப்புவார். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். இரண்டு தேதிகளில் கோர்ட்டுக்குப் போன நினைவு இருந்தால், இரண்டு தீர்ப்புகளும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். நினைவு இல்லையென்றால், வழக்கில் பதிவான எல்லாத் தீர்ப்புகளும் என்று எழுதுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை.

வழக்கு எண் தெரியாவிட்டால் கோர்ட்டின் சொந்தத் தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், அல்லது கணவர் பெயர், அல்லது பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயரே இல்லாமல் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்திருப்பார்கள். எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். கணவர் பெயரிலும் தேடுங்கள், வழக்குப் போட்டவர் அவராக இருந்தால் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் வரும். கோர்ட் ஊழியரைத் தேடச் சொன்னால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் தேடலுக்கு 15 டாலர் தனியாக வாங்குவார்கள்.

விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்றிடும் கட்டணம் 15 டாலர். மற்ற வழக்கு ஆவணங்களுக்கு 40. அதனால் விண்ணப்பத்தில் விவாகரத்துத் தீர்ப்பு என்று குறிப்பிட்டே கேளுங்கள். நகல் எடுக்கப் பக்கத்துக்கு அரை டாலர். அனுப்பும் முன் கோர்ட் தளத்தில் அன்றைய கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதுதான் எரிச்சலான பகுதி. தபாலில் கேட்டால் அமெரிக்க வங்கியின் காசோலையோ மணியார்டரோ வேண்டும், சுயவிலாசமிட்டு அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய உறையும் வேண்டும். கோவையில் உட்கார்ந்திருப்பவர் அமெரிக்கத் தபால்தலைக்கு எங்கே போவார்? கலிஃபோர்னியாவில் 58 கவுன்டி. கவுன்டிக்கு ஒரு கோர்ட், கோர்ட்டுக்கு ஒரு படிவம், ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருக்கும் நகல் பிரிவு. உலகத்துக்கே மென்பொருள் செய்து கொடுக்கும் சான் ஹோசே பக்கத்து மக்கள் தங்கள் தீர்ப்பின் நகலுக்கு உறையில் தபால்தலை ஒட்டிக் காத்திருக்கிறார்கள். இந்த ஏஜென்டுகளை வளர்த்துவிடுவதே இந்த முறைதான்.

ஆகவே அங்கே இருக்கும் தோழியிடமோ உறவினரிடமோ கேளுங்கள். நேரில் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அவர் பெயரில் விண்ணப்பம், அவர் காசோலை, அவர் முகவரி எழுதிய உறை. எத்தனை பக்கம் என்று தெரியாததால் காசோலையில் தொகையை நிரப்பாமல் 'நாட் டு எக்ஸீட் 60 டாலர்' (60 டாலரைத் தாண்டக் கூடாது) என்று எழுதி அனுப்புவதைப் பல கோர்ட்டுகள் ஏற்கின்றன. ஆன செலவை மட்டும் நிரப்பிக்கொள்வார்கள். வெளிநாட்டில் காட்டுவதற்காக அபோஸ்டில் (ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) வாங்கப் போவதாக விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சான்றிட்டவரின் பெயரும் கையெழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும்.

நகல் வந்ததும் அதே தோழி அதைச் சாக்ரமென்டோவில் இருக்கும் கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அபோஸ்டிலுக்கு அனுப்ப வேண்டும். ஆவணத்துக்கு 20 டாலர். எந்த நாட்டுக்கு என்ற இடத்தில் இந்தியா. 2005 முதல் இந்தியா அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, எனவே அதற்கு மேல் தூதரக முத்திரை தேவையில்லை. வாஷிங்டன் முத்திரை என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அது அமெரிக்க மத்திய அரசு ஆவணங்களுக்கு, மாநிலக் கோர்ட் தீர்ப்புக்கு அல்ல. டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் அட்டஸ்டேஷன் என்று கேட்டாலும் அப்படித்தான். அது இந்தியாவில் வழங்கிய ஆவணங்களுக்கு. அபோஸ்டில் தாளைத் தீர்ப்போடு சேர்த்துப் பின் அடித்திருப்பார்கள். ஜெராக்ஸ் கடையில் அந்தப் பின்னைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் சந்தேகம் வந்து ஆவணம் செல்லாமல் போகலாம். எல்லாம் சேர்த்துச் சுமார் ஐம்பது டாலர், கூரியர் தனி. ஏஜென்ட் கேட்கும் 45,000-த்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். இந்து முறைப்படி நடந்த திருமணம் என்றால், கலிஃபோர்னியாத் தீர்ப்பு இங்கே தானாகச் செல்லுபடியாகிவிடாது. 1991-இல் ஒய். நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வெளிநாட்டு விவாகரத்தை ஏற்க இருவரும் அதற்குச் சம்மதித்திருப்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. அதனால்தான் எஃப்எல்-180-ஐ மட்டும் வாங்காமல் இணைப்புகளோடு கேளுங்கள் என்றேன். இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அதில் இருந்தால், உங்கள் சம்மதத்துக்கும் அவர் சம்மதத்துக்கும் அதுவே சான்று. ஒரு தரப்பு வராமலே எக்ஸ்-பார்ட்டியாக முடிந்த தீர்ப்பு என்று தெரிந்தால், நகலோடு கோவையில் ஒரு குடும்ப நல வழக்கறிஞரைப் பாருங்கள். இங்கே ஒரு விளம்புகைத் தீர்ப்பு, அதாவது உங்கள் திருமண நிலை இதுதான் என்று கோர்ட் அறிவிக்கும் தீர்ப்பு, வாங்க வேண்டியிருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பத்திரிகை அடியுங்கள்.