மடை திறக்கப் போகும் அப்பா: முதியோர் இல்லம் பற்றி வாசகர் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்த்த என் அப்பாவுக்கு 79 வயது, மறதிநோய். கும்பகோணத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்து நான்கு மாதம் ஆகிறது. விடிகாலை மூன்றரை மணிக்கே எழுந்து, "மடையைத் திறக்கணும்" என்று வாசல் கதவை இழுக்கிறாராம். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– வாசகி, திருவாரூர்

உடனே சம்மதிக்காதீர்கள். முதலில், இது எப்போதிலிருந்து என்று கேளுங்கள். நாலைந்து நாளில் திடீரென்று வந்தது, பகலிலும் குழம்புகிறார் என்றால் காரணம் உடம்பில் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

சேர்த்த நாளிலிருந்தே இப்படித்தான் என்றால், இரவு எத்தனை மணிக்குப் படுக்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆறரைக்குச் சாப்பாடு, ஏழரைக்கு விளக்கை அணைத்துவிடுகிற இல்லங்கள் உண்டு. ஏழரையிலிருந்து மூன்றரை வரை எட்டு மணி நேரம். அப்பா தூங்கி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்! படுக்கும் நேரத்தை ஒன்பது, ஒன்பதரைக்குத் தள்ளச் சொல்லுங்கள். பகல் தூக்கம் அரை மணியோடு போதும்.

முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரில், தன் முறை வந்தால் நடுராத்திரியிலும் மண்வெட்டியோடு கிளம்பிய மனிதர் அவர். "நிலத்தைத்தான் வித்தாச்சேப்பா" என்று திருத்த வேண்டாம். நமக்கு அது பழைய செய்தி; அவருக்கு ஒவ்வொரு தடவையும் நிலம் அன்றைக்குத்தான் கைவிட்டுப் போகிறது. "பாமணி ஆத்துல தண்ணி வந்துடுச்சாப்பா? எந்த வயலுக்கு முதல்ல பாயணும்?" என்று ஒருவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். பெரும்பாலும் கதவைப் பிடித்த கை தளர்ந்துவிடும். முதலில் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டு, ஒரு டம்ளர் காபி கொடுத்து, முற்றத்தில் கால் மணி நேரம் கூடவே நடந்தால் போதும். தோட்டம் இருந்தால் விடிந்ததும் வாழைக்குத் தண்ணீர் விடும் வேலையை அவரிடமே விடலாம்.

தூக்க மாத்திரை இதையெல்லாம் செய்யாது. சிறுநீர் முட்டும்போது அரைத் தூக்கத்தில் எழுந்து தடுமாறுவார். இடுப்பெலும்பு முறிவது அப்படித்தான். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போட்டால் ஏறித் தாண்டப் பார்ப்பார், விழும் உயரம்தான் கூடும். கட்டிலிலிருந்து கழிவறை வரை சின்ன விளக்கு, உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரத்தில் கட்டில், பின்வார் வைத்த செருப்பு, கதவில் ஒரு மணி: இவை வேண்டும்.

இன்னொன்று நீங்கள்தான் செய்ய முடியும். அப்பாவைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள், காபியா டீயா, சர்க்கரை எவ்வளவு, எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், எதற்குப் பயப்படுவார், எதைப் பேசினால் முகம் மலரும். அதை அவருடைய அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். வந்து போகிறவர்கள் படிக்கும்படி சுவரில் வேண்டாம். வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கு மருந்துச் சீட்டைவிட முதலில் தேவைப்படுவது இந்தப் பக்கம்தான்.

இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். ஒரு பாட்டி குளிக்கக் கூப்பிட்டாலே அடிக்க வருகிறார். இரண்டு பேர் பிடித்துத்தான் குளிப்பாட்டுகிறோம்.
– வாசகி, மயிலாடுதுறை

பிடித்துக் குளிப்பாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் கண்ணில் நீங்கள் யாரோ. யாரோ இருவர் சேர்ந்து புடவையை உருவுகிறார்கள். அடிக்காமல் என்ன செய்வார்?

ஒருவர் மட்டும், முடிந்தவரை தினமும் அதே ஆள், கட்டாயம் பெண். வெந்நீரை முழங்கையில் விட்டுப் பார்த்து இளஞ்சூடாக வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத நாற்காலியில் உட்காரவைத்து, பழைய நூல் புடவையொன்றை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை போர்த்துங்கள். அது நனைந்தால் நனையட்டும். சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள், போர்வைக்கு அடியிலேயே கைவிட்டுத் தேய்க்கலாம். மூஞ்சியில் திடீரென்று தண்ணீர் விழுவதுதான் பலருக்கும் பயம். தலைக்குக் குளிப்பதைத் தனியாக வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். "இப்ப கால்ல ஊத்தப் போறேம்மா" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்யுங்கள். மூட்டுவலி இருந்தால், அரை மணி முன்பே வலி மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வேண்டாம் என்றால் விட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து வாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் ஈரத்துணியால் முகம், அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொடை இடுக்கு துடைத்து ஈரம் போக ஒற்றினால் அன்றைக்குப் போதும்.

குளித்ததும் என்ன உடுத்துகிறீர்கள்? வேலை சுலபம் என்று எல்லோருக்கும் நைட்டி மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டியவருக்கு அதில் நாலு பேர் முன்னால் உட்காரக் கூசும். குறைந்தபட்சம் மேலே ஒரு துண்டாவது போட்டுவிடுங்கள்.

பக்கவாதம் வந்த அம்மா ரசம் சாதம் சாப்பிட்டால் புரையேறுகிறது. இல்லத்தில், "கரைச்சுத்தான் கொடுக்கிறோமே" என்கிறார்கள்.
– வாசகர், நாகப்பட்டினம்

கரைத்துக் கொடுப்பதால்தான் ஏறுகிறது. தண்ணீராக ஓடுவதும் பருக்கையும் சேர்ந்து வந்தால் பலவீனமான தொண்டையால் சமாளிக்க முடியாது. குழைய வேகவைத்துக் கெட்டியாகப் பிசைந்த தயிர் சாதம், சாம்பாரில் ஊறி ஒரே பதமாக மசிந்த இட்லி என்று மாற்றச் சொல்லுங்கள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாய் லேசாகக் கீழே இருக்க வேண்டும். ஊட்டுகிறவரும் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அம்மா அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். அதே காரணத்துக்காக, அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் நம் வழக்கமும் இனி வேண்டாம். டம்ளரை உதட்டில் வைத்துச் சிறு மடக்காகக் குடிக்கட்டும். அரை ஸ்பூன், விழுங்கியதைப் பார்த்து அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் வரை படுக்க வைக்கக் கூடாது. குரல் கொழகொழவென்று கேட்டாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவில் ஒருவரின் கையைக் கட்டிலோடு கட்டிவைத்திருப்பதைப் பார்த்தேன். யாரிடம் சொல்வது?
– வாசகர், பாபநாசம்

பொறுப்பாளரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கும், முதியோர் உதவி எண் 14567க்கும் தெரிவியுங்கள். அந்த எண்ணுக்குப் பேசக் கட்டணமில்லை.

போகும்போதெல்லாம் அம்மா, "எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

"அடுத்த வாரம்" என்று பொய் சொல்லாதீர்கள். நினைவு நன்றாக இருப்பவர் எண்ணிக்கொண்டிருப்பார். "வீட்டு நெனப்பு வந்துடுச்சாம்மா? எது ஞாபகம் வருது?" என்று கேட்டு, சொல்வதைக் கேளுங்கள். கொல்லைக் கிணறா, பூஜை விளக்கா, பேரனா என்று தெரியவரும். அவற்றில் சிலவற்றை அடுத்தமுறை கொண்டுபோக முடியும். விடைபெறுவதைச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வந்து, பக்கத்தில் ஆள் உட்கார்ந்தபின், "வியாழக்கிழமை வரேம்மா" என்று நாளைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வியாழக்கிழமை கட்டாயம் போய்விடுங்கள்.