‘மாட்டியவர் தப்பு’ என்று கம்பெனி சொன்னால்?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே திசையில்: வெளிச்சந்தையில் வாங்கிய இன்ஜின் பாகம், மாட்டிய சில நாளில் தகராறு, கைவிரிக்கும் கம்பெனி.

கே: 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்துளை) உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டி. போர் அடித்து, வெளிக்கம்பெனி பிஸ்டன் செட் போட்டோம். 400 கி.மீ.கூட ஓடவில்லை, பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகிவிட்டது. போட்டோ அனுப்பினால், ‘ஃபிட்டிங் தவறு, வாரன்டி கிடையாது’ என்று ஒரே வரியில் பதில். பாகத்தில்தான் கோளாறு என்று எப்படி நிரூபிப்பது?

ப: அதற்கு முன்னால், பாகத்தில்தான் கோளாறா என்று நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். பிஸ்டனைக் கழுவ வேண்டாம், எமரி தாள் பக்கமே போக வேண்டாம். கழட்டிய நிலையிலேயே வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள்.

பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) நுழையும் துளைக்கு இரண்டு பக்கமும், நான்கு மூலைகளில் உரசல் இருந்தால் பிஸ்டன் விரிய இடம் போதவில்லை. அதாவது கிளியரன்ஸ் (போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி) குறைவு, அல்லது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முறுக்கியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தேய்ந்து அலுமினியம் இழுத்திருந்தால் சூடு: ஆயில் போகவில்லை, அல்லது பெட்ரோல் குறைவான கலவை. ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பாதிச் சுவர்) முழுக்கப் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கி, ரிங் முகமும் தேய்ந்திருந்தால், ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்ப்பது) செய்தபிறகு போரைச் சரியாகக் கழுவவில்லை. கல் துகள் உள்ளேயே இருந்து அரைத்திருக்கிறது. சர்க்ளிப் (பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) வெளியே வந்து போரில் கோடு போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாட்டியவர் கணக்குதான். பழைய சர்க்ளிப்பையே திரும்பப் போட்டிருப்பார், அல்லது அதன் வாய் பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக நின்றிருக்கும்.

பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: ரிங்கின் இரண்டு முனைகள். ரிங்கைக் கழட்டி முனைகளை லென்ஸில் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் இரண்டு முனையும் சூட்டில் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. ரிங் கேப் (போருக்குள் இருக்கும் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) போதவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான அடையாளம் கிடையாது. பொதுவான கணக்கு, போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.004 மி.மீ. உங்கள் 50 மி.மீ. போருக்கு மேல் ரிங் கேப் 0.20 அளவில் இருக்க வேண்டும். கம்பெனி தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம்.

சரி, நான்கு மூலை உரசல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பிஸ்டன் கம்பெனி தப்பு என்று ஆகிவிடாது. சிலிண்டரும் பிஸ்டனும் ஒரே பெட்டியில் பிளாக் கிட்டாக வந்திருந்தால் கிளியரன்ஸுக்கு அந்தக் கம்பெனிதான் பொறுப்பு, தப்ப வழியில்லை. பிஸ்டன் மட்டும் வாங்கி, போரை லேத்தில் அடித்திருந்தால் கிளியரன்ஸ் லேத் பட்டறையின் பொறுப்பு. உங்கள் கதை இரண்டாவது ரகம். ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது, பெட்டியில் போட்ட அளவில் பிஸ்டன் இல்லை என்பதை. சீஸ் ஆன பிஸ்டனில் அலுமினியம் இழுத்துப் பூசியிருக்கும், அதில் எடுக்கும் அளவை யாரும் ஏற்க மாட்டார்கள். அதே பேட்ச் எண்ணில் கடையில் இன்னொரு செட் இருந்தால், கடைக்காரர் முன்னிலையிலேயே மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, பெட்டியோடு சேர்த்துப் படம் எடுங்கள். உங்கள் வழக்கில் மிச்சமிருக்கும் நல்ல சாட்சி அதுதான்.

அடுத்த முறைக்கு, மாட்டுவதற்கு முன்பே அளவெடுத்து எழுதிவையுங்கள். போரில் மேல், நடு, கீழ் என மூன்று ஆழம். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின்னின் வாட்டத்தில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. மொத்தம் ஆறு எண்கள். ஆறுக்குள் வித்தியாசம் 0.02-ஐத் தாண்டினால் பிஸ்டனைத் தொடாமல் சிலிண்டரை லேத்துக்கே திருப்பி அனுப்புங்கள். பிஸ்டனைப் பின் துளைக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் அடிவிளிம்பிலிருந்து மேனுவல் சொல்லும் உயரத்தில் (பல வண்டிகளில் 10 மி.மீ. அளவில் வரும்) அளக்க வேண்டும். நடுவிலோ தலையிலோ அளந்தால் வேறு எண் வரும், ஏனென்றால் பிஸ்டன் நேர் உருளை கிடையாது. போரின் எண்ணில் பிஸ்டன் எண்ணைக் கழித்தால் கிளியரன்ஸ்.

இரண்டையும் ஒரே சூட்டில் வைத்து அளப்பது முக்கியம். வெயிலில் கிடந்த பிஸ்டனையும் நிழலில் இருந்த சிலிண்டரையும் அளந்தால் அந்தக் கணக்கே பொய். அலுமினியம் 15 டிகிரி கூடினால் 50 மி.மீ. பிஸ்டன் கிட்டத்தட்ட 0.017 மி.மீ. பெருக்கும். வைக்கப்போகும் கிளியரன்ஸே 0.03 என்றால் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. இரண்டையும் ஒரே மேசையில் இரண்டு மணி நேரம் போட்டு வைத்துவிட்டு அளந்தால் போதும்.

கே: கேம் ஷாஃப்ட் 3,000 கி.மீ.யில் குழி விழுந்துவிட்டது. அதே கம்பெனி கேம் மறுபடி போட்டோம், மறுபடி அதே கதை. கேம் மட்டமா?

ப: ராக்கரை (கேம் தள்ளும்போது வால்வைத் திறக்கும் கை) மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பழைய ராக்கரின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருந்தாலும் அது புது கேமைச் சுரண்டிவிடும். கேம் மாற்றினால் ராக்கரும் சேர்த்துத்தான். ரோலர் ராக்கராக இருந்தால் ரோலர் தடங்கலின்றிச் சுற்றுகிறதா என்று விரலால் உருட்டிப் பாருங்கள்.

ராக்கரும் புதிது என்றால், தேய்மானத்தின் வடிவம் பேசும். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு லோபும் (கேமின் மேடு) ஒரே மாதிரி சீக்கிரம் தேய்ந்திருந்தால் கேமின் உலோகத்தின் மீது சந்தேகம் வரும். ஒரு லோப் மட்டும் போயிருந்தால் முதலில் ஆயில் பாதையைப் பார்க்க வேண்டும். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளையை கேஸ்கெட் சீலன்ட் அடைத்திருப்பது சர்வசாதாரணம். சீலன்டை அப்புவது ஒரு வியாதி. எங்கே கேஸ்கெட் இருக்கிறதோ அங்கே அது வேண்டவே வேண்டாம்.

கடினத்தைச் சோதிக்க: புது, கூரான அரத்தை லோபின் ஓரத்தில் (ராக்கர் ஓடும் முகத்தில் அல்ல) லேசாகத் தள்ளுங்கள். சரியாகக் கடினப்படுத்திய கேமில் அரம் கண்ணாடியில் வழுக்குவது மாதிரி வழுக்கும். கடித்துப் பொடி எடுத்தால் அது மென்மை. இது உங்களுக்கான சோதனை. கம்பெனிக்குக் காட்ட ராக்வெல் அளவு (கருவியில் எடுக்கும் கடினத்தின் எண்) வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடங்களில் எடுத்துத் தருவார்கள். கடினப்படுத்திய ஸ்டீல் கேம்கள் ராக்வெல் சி அளவில் பொதுவாக 55-க்கு மேல் இருக்கும். வார்ப்பிரும்பு கேம்களுக்கு எண் அதைவிடக் குறையலாம், அதனால் எந்த உலோகம் என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்த மறுப்பும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

இரண்டாவது கேமை மாட்டியபோது, தேய்ந்த முதல் கேமின் பொடி ஆயிலில் இருந்ததே, அது எங்கே போனது? ஸ்ட்ரெய்னரையும் (ஆயிலை வடிகட்டும் வலை) ஆயில் பம்பையும் கழட்டிச் சுத்தம் செய்யாமல் புது கேம் போட்டிருந்தால் இரண்டாவது சாவுக்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவதைப் போடும்போது லோப் முகத்தில் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட் மெல்லியதாகத் தடவுங்கள் (கிளட்ச் அதே ஆயிலில் நனைகிற வண்டிகளில் பிசுக்குப் பிசுக்கென்று அப்ப வேண்டாம்). ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிவிட்டு, ராக்கர் வரை ஆயில் ஏறுவது தெரியும்வரை கிக்கரை அடித்து, அதன்பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கே: புது கிளட்ச் பிளேட் செட் போட்டதிலிருந்து நான்காவது கியரில் ஸ்லிப். டூப்ளிகேட் என்று நினைக்கிறேன்.

ப: இருக்கலாம். ஆனால் முதலில் ஆயில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஈர கிளட்ச் (இன்ஜின் ஆயிலிலேயே நனையும் கிளட்ச்) வண்டிக்கு ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது உராய்வு குறைவான ஆயில், ஆயிலில் நனையாத தனி கிளட்ச் உள்ள ஸ்கூட்டர் வகைகளுக்கானது. கார் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே தொல்லை வரும். அடுத்து லீவரில் ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிக்குமுன் சும்மா ஆடும் தளர்வு) இருக்கிறதா, ஸ்பிரிங் நீளம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவை சரி என்றால் பிளேட்டைக் கழட்டுங்கள். உராய்வுத் துண்டுகள் அடியோடு பெயர்ந்து, கீழே உலோகம் தெரிந்தால் பசை ஒட்டவில்லை. அது தயாரிப்புக் கோளாறு, தைரியமாகத் திருப்பிக் கொடுங்கள். துண்டுகள் இருக்கின்றன, கருகி மெருகேறியிருக்கின்றன என்றால் ஸ்லிப் ஆனதால் வந்த விளைவு அது. காரணம் வேறெங்கோ. பழைய செட்டையும் புது செட்டையும் தனித்தனியே அடுக்கி வெர்னியரில் மொத்த உயரம் பாருங்கள். புது செட்டின் உயரம் மேனுவல் அளவுக்குக் குறைந்தால் அதுவும் கம்பெனி தலையில்தான்.

கே: கிராங்க் பேரிங்கில் அசல், போலி எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: பெட்டியின் அச்சை நம்பாதீர்கள், இப்போது போலிக்காரர்தான் அழகாக அச்சடிக்கிறார். எண்ணையும் அளவையும் பொருத்திப் பாருங்கள். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் (04-லிருந்து மேலே மட்டும், 6203-க்கு 17). பழைய பேரிங்கில் சி3 என்று இருந்தால் புதிதிலும் சி3 இருந்தே ஆக வேண்டும். கிராங்க் கேஸில் இறுக்கமாக ஏறி, சூட்டில் விரியும்போது உள்ளே மிச்ச இடம் தருவதற்காகத்தான் அந்த எண். அது இல்லாத பேரிங் அசலாகவே இருந்தாலும் சீக்கிரம் கத்தும். சந்தேகம் இருந்தால் தயாரிப்பாளரையே கேட்கலாம். எஸ்கேஎஃப் நிறுவனம் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்க ‘ஆதென்டிகேட்’ என்று ஓர் ஆப்பே வைத்திருக்கிறது.

கே: மூன்று முறை மெயில் போட்டும் ஒரே பதில்: ‘உங்கள் புகார் பரிசீலனையில்’. என்ன எழுதினால் அசைவார்கள்?

ப: கோபத்தைக் குறைத்து எண்ணைக் கூட்டுங்கள். ‘உங்கள் பொருள் படுமோசம்’ என்று எழுதும் மெயிலுக்கு மன்னிப்பு வரும், பணம் வராது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பாக எண், பேட்ச் எண், பில் எண், வாங்கிய தேதி இவை. மாட்டிய தேதி, அன்றைய கி.மீ. இது. கோளாறு தெரிந்தது 380 கி.மீ. கழித்து. மாட்டுமுன் எடுத்த போர் அளவுகள் ஆறும், பிஸ்டன் அளவும், ரிங் கேப்பும் கீழே. அளந்த கருவி மைக்ரோமீட்டர், 0.01 மி.மீ. வரை. படங்கள் ஐந்து இணைத்துள்ளேன். எனக்கு வேண்டியது மாற்றுப் பாகம் அல்லது பணம். மறுப்பதானால் எந்த அளவு, எந்த விதிப்படி தவறு என்று 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.’

இதில் கடைசி வரிதான் உயிர். ‘ஃபிட்டிங் தவறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாமல் செய்வது அதுதான். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த அன்றே ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று மெயில் போட்டுவிடுங்கள்.

பாகத்தை அனுப்பச் சொன்னால் எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். பிஸ்டன் கேட்டால் பிஸ்டன் போகட்டும். ரிங், பின், பெட்டி, வடித்த ஆயிலில் ஒரு சின்ன பாட்டில், பழைய ஃபில்டர் உங்களிடம் இருக்கட்டும். அனுப்புவதிலும் உள்பக்கம் அழியாத மையால் ஓர் அடையாளம் எழுதிப் படம் எடுத்து, ட்ராக்கிங் உள்ள பார்சலில் அனுப்புங்கள். ‘உங்கள் பாகம் வந்து சேரவில்லை’ என்பது மிகப் பழைய பதில்.

இன்னொன்று: பணம் வாங்கியது கடைக்காரர். கம்பெனிக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் அவருக்கும் போக வேண்டும். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கி மூலம் தகராறு எழுப்ப வழி உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது. கம்பெனி ‘பரிசீலிக்கிற’ வேளையில் அது தாண்டிப்போய்விடும். பெரும்பாலான வாரன்டியில் பாகத்துக்குப் பாகம்தான். கூலியையும், அதனால் கெட்ட மற்ற பாகங்களையும் கேளுங்கள், ஆனால் கிடைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். பெட்டியில் ‘ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருந்தால் அந்த வாரன்டியும் அநேகமாக இராது.

கே: பிஸ்டன் நன்றாக இருக்கிறது. ரிங் மட்டும் வெளியில் வாங்கிப் போடலாமா?

ப: போடலாம், ரிங்கின் தடிமன் பழைய ரிங்கோடு ஒத்துவந்தால். பிஸ்டனில் ரிங் உட்காரும் காடியில் ரிங்கை வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள், 0.10 மி.மீ. இதழ் தாராளமாகப் போனால் காடி அகன்றுவிட்டது, புது ரிங்கும் ஆயில் குடிக்கும். எழுத்தோ புள்ளியோ உள்ள பக்கம் மேலே வர வேண்டும். ஒன்றுமே பொறிக்காத இரண்டாவது ரிங் வந்தால் அதன் சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு மாட்டுங்கள். கேட்டும் பதில் இல்லை என்றால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடலாம், இன்னும் பெட்டி பிரிந்தது மட்டும்தானே.