வாசகர் கேள்வி – பதில்: தூசி படிந்த கிதாரில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஓர் எலெக்ட்ரிக் கிதாரைப் பார்த்தேன். தலைப்பகுதியில் நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயர். பின்புறத் தகட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்துகள். இரண்டு தந்திகள் இல்லை, உலோகப் பாகங்களில் துரு ஏறியிருக்கிறது. புதிய பயிற்சிக் கிதார் ஒன்றின் விலையில் பாதிகூடக் கடைக்காரர் கேட்கவில்லை. தூக்கிப் பார்த்தால் நல்ல கனம். தரமான கிதார் இவ்வளவு மலிவாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். பல வகைப் பொருள்களை வாங்கி விற்கும் கடைக்காரர் ஒரு கிதாருக்கு விலை வைக்கும்போது, தலைப்பகுதியில் இருக்கும் பெயர் தெரிந்த பெயரா, பார்க்கப் புதிதாக இருக்கிறதா, சத்தம் வருகிறதா என்ற மூன்றைத்தான் பார்க்கிறார். கிதாரின் உண்மையான தரமோ கழுத்தின் நேர்மையிலும், கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகள் பதிக்கப்பட்ட நேர்த்தியிலும், கழுத்தும் உடலும் சேரும் இடத்தின் இறுக்கத்திலும் இருக்கிறது. அவர் பார்ப்பதற்கும் வாசிப்பவர் பார்க்க வேண்டியதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் நல்ல கிதார்கள் குறைந்த விலைக்கு வந்து விழுகின்றன.

ஜப்பானில் செய்யப்பட்ட பழைய கிதார்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மட்சுமோட்டோ நகரை மையமாகக் கொண்டு இயங்கிய ஃபுஜிஜென், மட்சுமோகு போன்ற தொழிற்சாலைகள் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் மிக நுட்பமான வேலைப்பாட்டை எட்டியிருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் தம் பெயரில் விற்கவில்லை. பல நிறுவனங்களுக்குச் செய்துகொடுத்தன. ஐபனீஸ் கிதார்கள் பலவும் ஃபுஜிஜெனில் உருவானவை. அரியா புரோ II, வெஸ்டோன் ஆகிய பெயர்களில் வந்தவற்றில் பலவற்றை மட்சுமோகு செய்தது. அந்தத் தொழிற்சாலை 1987இல் மூடப்பட்டுவிட்டது. ஒரே கூரையின் கீழ் ஒரே கைகள் செய்த கிதார்கள் வெவ்வேறு பெயர்களோடு கடைகளுக்குப் போயின. பின்னாளில் அவற்றுள் சில பெயர்கள் வழக்கொழிந்தன. பெயர் மறைந்ததும் விலையும் சரிந்தது. ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு வரிசையாக இன்று அறியப்படும் ஸ்குவயர் கூட, 1982இல் ஃபுஜிஜெனில் செய்யப்பட்டு வரிசை எண்ணில் ‘ஜேவி’ என்ற எழுத்துகளைத் தாங்கி வந்தபோது வேறொரு தரத்தில் இருந்தது. ஸ்குவயர் என்றாலே மாணவர்களுக்கான கிதார் என்று எண்ணி அதைக் கடந்துபோகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே கடைக்கு ஓடிவிட வேண்டாம். ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்து மட்டும் தரத்துக்குச் சான்று ஆகாது. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அங்கிருந்து ஏராளமான மலிவுக் கிதார்களும் வந்தன. அமெரிக்க நிறுவனமான கிப்சனின் புகழ்பெற்ற லெஸ் பால் கிதாரின் வடிவத்தைப் போலச் செய்து, கழுத்தைத் திருகாணிகளால் பூட்டிய பல கிதார்களில், வளைந்த மேற்பலகை அழுத்தி வளைக்கப்பட்ட ஒட்டுப்பலகையாக இருக்கும். அதற்கும் உடலுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பெட்டியைத் தட்டுவது போன்ற ஓசை வந்தால் அது அந்த வகை. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்பின் சட்டத்தில் இருக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்ற அனுமதி கிடைத்தால், உள்ளே வெட்டப்பட்ட பள்ளத்தின் ஓரத்தில் ஒரே மரம் தெரிகிறதா, அடுக்கடுக்காக ஒட்டிய பலகை தெரிகிறதா என்று கண்ணாலேயே காணலாம். கனத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கனமான மோசமான கிதார்களும் இலேசான அருமையான கிதார்களும் உண்டு.

இத்தகைய கிதார்களை விற்பவர்கள் சிலர், ‘வழக்குக் காலத்துக் கிதார்’ என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், அமெரிக்காவில் ஐபனீஸை விற்றுவந்த எல்கர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு ஒன்று உண்டு. அது கிதாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. அந்தக் காலத்து ஜப்பானியக் கிதார் ஒவ்வொன்றுக்கும் அந்தச் சொல்லை ஒட்டுவது தவறு. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அதைவிடத் தவறு.

கேள்வி: கடையில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. நின்றபடி பத்து இருபது நிமிடங்களுக்குள் கிதாரைச் சோதிக்க வேண்டும். எதில் தொடங்குவது?

பதில்: கழுத்தில் தொடங்குங்கள். கழுத்து சரியில்லை என்றால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம்.

கிதாரைத் துப்பாக்கியால் குறி பார்ப்பதுபோல் பிடித்து, தலைப்பகுதியிலிருந்து உடலை நோக்கி ஃபிரெட் பலகையின் இரு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி மெல்லக் குழிந்திருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கம் மேலேறி மறுபக்கம் கீழிறங்கி முறுக்கிக்கொண்டிருந்தால் கிதாரை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து, தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தி, எட்டாம் ஃபிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு பெயரட்டையின் தடிமன், அதாவது சுமார் 0.25 மில்லிமீட்டர், இருந்தால் நல்லது. இடைவெளி அதிகமாக இருந்தாலும் அது குறையாகிவிடாது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முடுக்கிச் சரிசெய்யலாம். ஆனால் அந்தக் கம்பியின் முனைத் திருகு ஏற்கெனவே கடைசிவரை முடுக்கப்பட்டிருந்தும் கழுத்து குழிந்தே நின்றாலோ, திருகின் முனை மழுங்கிப்போயிருந்தாலோ, பெருஞ்செலவு காத்திருக்கிறது. கடைக்காரரின் அனுமதி இல்லாமல் அந்தத் திருகைத் தொடாதீர்கள்.

பிறகு ஃபிரெட்டுகள். முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் மெல்லிய தந்திகளின் அடியில் பள்ளம் விழுந்திருக்கும். நன்றாக வாசிக்கப்பட்ட கிதாருக்கு அது இயல்பு, அதை நான் ஒரு நற்சான்றாகவே கொள்கிறேன், ஏனெனில் பயனற்ற கிதாரை யாரும் தேயும் அளவுக்கு வாசிப்பதில்லை. பள்ளம் ஆழமில்லை என்றால் அரத்தால் சமன்படுத்திவிடலாம். ஃபிரெட்டே தட்டையாகித் தேய்ந்துபோயிருந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் பதிக்க வேண்டியிருக்கும். பல மலிவான கிதார்களுக்கு அந்தக் கூலி கிதாரின் விலையைத் தாண்டிவிடும்.

தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கிதார்களில், கழுத்தும் தலையும் சேரும் இடத்தின் பின்புறத்தைக் கட்டாயம் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கிப்சன் வகைக் கிதார்களில் ட்ரஸ் ராட் திருகுக்காக மரம் குடையப்பட்டிருப்பதும் அந்த இடம்தான், கிதார் கீழே விழும்போது முறிவதும் அந்த இடம்தான். மயிரிழை போன்ற ஒரு கோடு, மேற்பூச்சின் நிறத்தில் ஒரு சிறு மாற்றம், விரல் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு மேடு – இவற்றில் எது இருந்தாலும் முறிந்து ஒட்டப்பட்டது என்று கொள்ளலாம். நன்றாக ஒட்டப்பட்ட முறிவு வாசிப்பைக் கெடுக்காது. ஆனால் சந்தை மதிப்பைப் பெருமளவு குறைத்துவிடும். வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு இது வாய்ப்பு, விற்பதற்காக வாங்குகிறவருக்கு இது கண்ணி.

மின்பகுதியைச் சோதிக்க ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை. ஒரு சிறிய மல்டிமீட்டரும் ஒரு கேபிளும் போதும். கேபிளைக் கிதாரில் செருகி, வால்யூம், டோன் குமிழ்களை முழுவதும் திறந்து, மறுமுனையின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள மின்தடையை அளந்து பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் 5 முதல் 7 கிலோ ஓம் வரையிலும், இரட்டைச் சுருளான ஹம்பக்கர் என்றால் 7 முதல் 9 கிலோ ஓம் வரையிலும் பெரும்பாலும் காட்டும். உரத்த ஒலிக்காகக் கூடுதலாகச் சுற்றப்பட்டவை இதைவிட அதிகம் காட்டும். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சை ஒவ்வொரு நிலையாக மாற்றி அளந்தால் ஒவ்வொரு பிக்கப்பின் உயிர்நிலையும் தெரிந்துவிடும். பேட்டரியில் இயங்கும் உள்ளங்கையளவுள்ள ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, காதாலேயே கேட்டுவிடலாம்.

கேள்வி: குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருகிறது, கேபிளை அசைத்தால் ஒலி விட்டு விட்டு வருகிறது. இப்படிப்பட்ட கிதாரை வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். இவை ஏறக்குறைய எல்லாப் பழைய கிதார்களுக்கும் வரும் நோய்கள். கரகரப்பு, குமிழின் அடியிலிருக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் தூசி சேர்ந்ததால் வருவது. தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்து, குமிழை முப்பது நாற்பது முறை இருபுறமும் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். விட்டு விட்டு வரும் ஒலி, கேபிளைச் செருகும் ஜாக் தளர்ந்ததாலோ பற்றவைப்பு விட்டுப்போனதாலோ வருவது. ‘சத்தம் சரியில்லை’ என்று கடைக்காரரே விலையைக் குறைத்துத் தரும் கிதார்களில் பாதிக்கு மேல் இந்தச் சின்னக் குறைதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

கேள்வி: ஒரு கடையில் மிகப் புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் பொறித்த கிதார் நம்ப முடியாத குறைந்த விலைக்கு இருக்கிறது. ‘1970களின் கிதார்’ என்கிறார்கள். அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில்: தலைப்பகுதியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அது பல வேளைகளில் ஓர் ஒட்டுத்தாள்தான். திருகாணிகளால் பூட்டப்பட்ட கழுத்தை நிமிடங்களில் மாற்றிவிடலாம் என்பதால், கழுத்து ஓரிடத்திலும் உடல் வேறோரிடத்திலும் பிறந்த கிதார்கள் நிறைய உலவுகின்றன.

எண்ணைப் பொறிப்பதும் எளிது. அதனால் வரிசை எண்ணைவிட உள்ளிருக்கும் சாட்சியங்களை நான் அதிகம் நம்புகிறேன். அமெரிக்கக் கிதார்களில் பயன்பட்ட பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் பெரும்பாலும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். தொடர்ந்து வருவது ஆண்டும் வாரமும். 1377633 என்று இருந்தால், சிடிஎஸ் நிறுவனம் 1976ஆம் ஆண்டின் 33ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கிதார் அந்தத் தேதிக்குப் பிறகுதான் உருவாகியிருக்க முடியும். அந்தப் பாகம் இடையில் மாற்றப்பட்டதா என்பதைப் பற்றவைப்பின் பழமையும் ஒழுங்கும் காட்டிக்கொடுக்கும். ஜப்பானிய ஐபனீஸ் கிதார்களில் 1975 முதல் 1980களின் நடுப்பகுதி வரை எண்முறை இன்னும் எளிது: முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ‘எச் 78’ என்று தொடங்கினால் எட்டாம் மாதமான ஆகஸ்ட், 1978.

இந்தச் சாட்சியங்கள் எதையும் காண விடாமல், மூடியைத் திறக்கவே கூடாது என்று விற்பவர் மறுத்தால், புகழ்பெற்ற பெயருக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் பார்த்த கிதாரின் உண்மையான மதிப்பு கடைக்காரருக்குத் தெரியவில்லை என்று உறுதியாகத் தெரிகிறது. வாய் திறக்காமல் வாங்கிவந்தால் அது ஏமாற்று ஆகுமா? இரண்டு நாளாக மனம் உறுத்துகிறது.

பதில்: உங்கள் உறுத்தலை மதிக்கிறேன். வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர் தாமாக ஒரு விலையை எழுதி வைத்திருக்கும்போது, அந்த விலையைக் கொடுத்து வாங்குவதில் குற்றமில்லை. அவர் தமக்குரிய இலாபத்தைக் கணக்கிட்டுத்தான் அதை எழுதியிருக்கிறார். உங்கள் அறிவு நீங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்தது. ஆனால் ‘இது என்ன கிதார், நல்லதுதானா?’ என்று அவர் உங்களையே கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். நல்ல கிதாரைக் குப்பை என்று சொல்லி விலையை மேலும் குறைப்பதைப் பேரம் என்று நான் ஏற்கமாட்டேன்.

தொழில் தெரியாத தனிமனிதர் விற்கும்போது என் பதில் மாறுகிறது. ஒருமுறை, மறைந்த கணவரின் கிதாரை ஓர் அம்மையார் என்னிடம் மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்க வந்தார். அதன் மதிப்பைச் சொன்னேன். அவர் அதை விற்காமல் பேரனுக்கே வைத்துக்கொண்டார். அந்தக் கிதார் இன்றும் என் நினைவில் இருக்கிறது, சொன்னதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

எங்கே வாங்கினாலும் வரிசை எண் குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால் உங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: வாங்கிவிட்டேன். மேற்பூச்சு மங்கிக் கீறல் விழுந்திருக்கிறது. புதிதாக வண்ணம் பூசி, துருப்பிடித்த பாகங்களையெல்லாம் மாற்றிவிடட்டுமா?

பதில்: வண்ணம் பூச வேண்டாம். அசல் பூச்சைச் சுரண்டிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை, மதிப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். சற்றே ஈரமான மென்துணியால் அழுக்கை எடுங்கள். ரோஸ்வுட் ஃபிரெட் பலகை வறண்டு வெளுத்திருந்தால் அதற்குரிய எண்ணெயில் சில துளிகளைத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அரக்குப் பூச்சு உள்ள மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை. புதிய தந்திகளைப் பூட்டி, சுருதி சேர்த்து, ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் தந்தியின் இழுப்பு இல்லாமல் கிடந்த கழுத்து நிலைக்கு வர அந்த அவகாசம் வேண்டும். அதற்குப் பிறகுதான் ட்ரஸ் ராடையும் பிரிட்ஜையும் சீர்செய்ய வேண்டும்.

தந்தியை முறுக்கும் திருகான ட்யூனர் சுருதியைத் தாங்கவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது அதே துளைகளில் பொருந்தும் ட்யூனராகத் தேடி எடுங்கள், மரத்தில் புதுத் துளை போடாதீர்கள். கழற்றிய பாகங்களை, துருப்பிடித்த திருகாணி உட்பட, ஒரு பையில் போட்டு, என்ன பாகம், என்று கழற்றியது என்று எழுதிக் கிதார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.