பர்ன்அவுட்டைச் சான்றிதழில் எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவமனை ஒன்றில் ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் மருத்துவர் நான். களைத்துப்போய் வரும் செவிலியர்களுக்கு ‘பர்ன்அவுட்’, அதாவது வேலைச் சுமையால் வரும் தீராத சோர்வு, என்றே சான்றிதழ் தரச் சொல்கிறது நிர்வாகம். அது நோயா? தொழில்சார் மருத்துவத்தில் அதனால் பயன் உண்டா?

க.

அன்புள்ள க.,

நோய் என்று எழுதாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக.

அளப்பதிலும் சிக்கல். பர்ன்அவுட்டை அளக்கப் பயன்படும் மாஸ்லாக் கேள்வித்தாளில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. சோர்வு, நோயாளிகளிடம் மரத்துப்போவது, செய்த வேலையில் நிறைவு என்று மூன்று பகுதிகள். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது. பலரும் எடுத்தாளும் ‘அதிகம்’ என்ற எல்லைக்கோடு, பதில் சொன்னவர்களை மூன்றாகப் பிரித்து மேல் பங்குக்கு வைத்த பெயர்தான். மருத்துவர்களைப் பற்றிய 182 ஆய்வுகளை 2018இல் தொகுத்தபோது குறைந்தது 142 வரையறைகள் தென்பட்டன. பர்ன்அவுட் உள்ளவர்களின் பங்கு 0 முதல் 80.5 சதவீதம் வரை போனது!

ஆகவே எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தாள் வேண்டாம். மனச்சோர்வை அறிய உதவும் ஒன்பது கேள்வித் தாளான பிஎச்க்யூ-9 கொடுங்கள். மொத்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு நோய்க்கு முழுமையாகப் பரிசோதியுங்கள். மொத்தம் குறைவாக இருந்தாலும், செத்துவிடலாம் என்ற எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் அன்றே உட்கார்ந்து பேசுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள். குறட்டை, பகல் தூக்கம் பற்றிக் கேளுங்கள். ‘பர்ன்அவுட்’ என்று எழுதியதுமே இந்தத் தேடல் நின்றுபோகிறது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

பயன் எங்கே என்றால், வார்டில். மாஸ்லாக் தாளைப் பெயர் கேட்காமல் எல்லா வார்டுகளுக்கும் கொடுத்து, பகுதிவாரியாகச் சராசரியை ஒப்பிடுங்கள். ஒரு வார்டில் மட்டும் சோர்வு ஏறியிருந்தால் அங்கே ஷிப்ட் பட்டியலை எடுங்கள்: இரவுப் பணி தொடர்ந்து எத்தனை நாள், இரண்டு ஷிப்டுக்கு நடுவே எத்தனை மணி நேரம், ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள். சராசரி குறைவாக இருக்கும் வார்டையும் நம்பிவிடாதீர்கள். தாங்காதவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருக்கலாம். ராஜினாமா, விடுப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சான்றிதழில், பரிசோதனையில் கண்டதை எழுதி, ‘நான்கு வாரம் இரவுப் பணி வேண்டாம், பிறகு மறுபரிசோதனை’ என்பதுபோல் வேலையில் என்ன மாற வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அதை நிர்வாகம் செயல்படுத்த முடியும்.